பீங்கான் தண்ணீர்

றுகையாவுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகமெடுக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்தின் பின்பக்கத்துக் கழுவுதொட்டியில் தட்டுகளும் கிண்ணங்களும் மோதும் சத்தம் ஓங்கிக் கேட்டால், "இண்டைக்கு ஆரோ அவவைச் சீண்டிற்றாங்க" என்று தாதிமார் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஆனால் எண்பத்திரண்டாம் ஆண்டு அவளுக்கு வந்த கோபம் தொட்டியோடு நிற்கவில்லை. அது டொக்டரின் மேசை வரைக்கும் போனது. பிறகு பஸ் ஏறி அட்டாளைச்சேனைக்கும் போனது.

அவள் சாய்ந்தமருதுக்காரி. வாப்பா கரைவலைத் தோணியில் தண்டு வலித்தவர். பதினேழு வயதில் கலியாணம். ஏழு வருஷம் குடும்பம் நடத்திய புருஷன் ஒரு போகம் வெள்ளாமை வெட்டவென்று வரிப்பத்தான்சேனைக்குப் போனான். வெட்டி முடிந்தும் திரும்பவில்லை. அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு குடியிருந்துவிட்டான். போனவன் அவன். ஊர் என்ன சொன்னது? "புருஷனை வெச்சிருக்கத் தெரியாதவள்" என்று இவளைச் சொன்னது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! எழுபத்தைந்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தபோது அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்வந்தாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவேண்டாம். கல்முனைப் பக்கத்துக் கரையோரத்தில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவளுடைய வேலை கழுவுவது. கத்தி, கத்தரிக்கோல், றப்பர் குழாய்கள், நோயாளியின் வாயிலிருந்து எச்சிலும் சளியும் உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடிப் போத்தல், எல்லாம் அவள் கைக்கு வந்துதான் சுத்தமாகும். அந்தப் போத்தலைக் கழுவ ஒருவரும் முன்வரமாட்டார்கள். மனிதருடைய வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அதற்குள் வரும். றுகையா முகம் சுளிக்காமல் ஏழு வருஷம் கழுவினாள்.

எண்பத்தோராம் ஆண்டு மயக்க மருந்து கொடுக்க டொக்டர் மர்சூக் வந்து சேர்ந்தார். கொழும்பு ஆள், நம்முடைய முஸ்லிம் சோனகர்தான். முப்பது வயதிருக்கும். கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல முடியாது. குழந்தைகளை மயக்குவதில் அவருக்குத் தனி அக்கறை. மயங்கிய குழந்தைக்கு மூச்சுப் பாதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள அப்போது அங்கே இருந்தது இரண்டு வழி. ஒன்று, நாக்கு பின்னால் மடங்காமல் வாய்க்குள் வளைந்த சின்னக் குழல் ஒன்றை வைத்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கறுப்பு றப்பர் முகமூடியால் மூடிப் பிடிப்பது. மற்றது, சிவப்பு றப்பர் குழாயைத் தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள்ளேயே இறக்கிவிடுவது. முகமூடி இலேசு, தொண்டை புண்ணாகாது. குழாய் கஷ்டம், ஆனால் காவல் அதிகம். சின்னச் சின்ன ஒப்பரேஷனுக்குப் பிள்ளைகளுக்கு எது நல்லது? இதைக் கண்டுபிடிக்க டொக்டர் ஒரு நீளக் கொப்பியில் கோடுகள் போட்டு, ஒரு பிள்ளைக்கு முகமூடி, அடுத்த பிள்ளைக்குக் குழாய் என்று மாறிமாறிப் பாவித்து எழுதிக்கொண்டு வந்தார். கொழும்பில் பெரிய டொக்டர்மார் கூட்டத்தில் வாசிப்பதற்காம்.

கொப்பியில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்தபோது முகமூடிப் பக்கத்தில் ஒரு தொல்லை தெரிந்தது. மயக்கத்தில் கிடக்கையிலேயே மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்து மூச்சுத் திணறித் தப்பியிருந்தார்கள். குழாய்ப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வந்தது மஞ்சளாக இருந்ததால் அவர் 'பித்தம்' என்று எழுதினார். பக்கத்திலேயே, 'தாய்மார் சாப்பாடு கொடுத்துவிட்டு மறைக்கிறார்கள்' என்றும் எழுதினார்.

நாற்பத்தோராவது பிள்ளை உம்மு.

நாலு வயது. நெல் அவிக்கும் கிடாரத்து வெந்நீர் கவிழ்ந்து வலது கை வெந்து, ஆறும்போது மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவற்றைப் பிரித்துவிட அரை மணி நேர வேலை. தாய் சுல்பிகாவும் தகப்பன் காலிதீனும் அட்டாளைச்சேனையிலிருந்து விடியவே கொண்டுவந்துவிட்டார்கள். வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லியிருந்தது. கூடத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் செல்லத்தங்கம் வாசலில் வைத்து வழமைபோலக் கேட்டார்.

"புள்ளைக்குச் சாப்பிட ஏதும் குடுத்தியா? பால், தேத்தண்ணி, விசுக்கோத்து?"

"ஒண்டுமே குடுக்கல்ல சிஸ்டர். ராவைக்கு எட்டு மணிக்குச் சோறு திண்டது. அவ்வளவுதான்" என்றாள் சுல்பிகா.

கொப்பி முறைப்படி அவளுக்கு முகமூடி. இரண்டாவது விரலைப் பிரிக்கும்போது பிள்ளையின் வயிறு குலுங்கியது. முகமூடிக்குள் மஞ்சள் நீர் பொங்கி வந்தது. டொக்டர் மர்சூக் முகமூடியைத் தூக்கி எறிந்து, பிள்ளையைச் சரித்து, உறிஞ்சி, குழாயை இறக்கி, செய்யக்கூடியதெல்லாம் செய்தார். ஆனால் போகக்கூடாதது நெஞ்சுக்குள் போய்விட்டது. உம்மு நாலு நாள் இழுத்து இழுத்து மூச்சுவிட்டு, ஐந்தாம் நாள் விடியற்காலை, சுபஹு நேரம், மவுத்தானாள்.

முதல் நாளே டொக்டர் வார்ட்டு விறாந்தையில், நூறு பேர் பார்க்க, அந்தத் தாயைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பாடு குடுத்திட்டு பொய் சொல்லீக்கிறீங்க! ஒங்கட பொய்தான் இந்தப் புள்ளைய இப்பிடிப் போட்டீக்கி!"

"அல்லாவாண நான் ஒண்டும் குடுக்கல்ல டொக்டர்."

"அல்லாஹ்வையும் இழுக்காதீங்க!"

நோயாளியின் விபரம் எழுதும் கட்டில் டிக்கட்டிலும் இங்கிலீசில் அப்படியே எழுதினார். 'உணவு கொடுத்ததைத் தாய் மறைத்துவிட்டாள்.' ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஊர் வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்! மையத்து அடக்கி வருவதற்குள் அட்டாளைச்சேனை முழுக்கத் தெரிந்துவிட்டது, சுல்பிகா பிள்ளைக்குக் களவாகப் பால் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்று. காலிதீன் பெண்சாதி வீட்டை விட்டு இறங்கித் தாய் சரீபாவின் வீட்டுக்குப் போய்விட்டான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியட்டும், பள்ளிவாசலில் வைத்துத் தலாக்கைச் சொல்லிவிடுவோம் என்று சரீபா நாள் குறித்தாள்.

உம்முவின் வாயிலிருந்து உறிஞ்சிய போத்தலைக் கழுவியது றுகையா. அன்றைக்கு அதைக் கழுவி வைத்தாள், வேறொன்றும் யோசிக்கவில்லை. நாலு கிழமை கழித்து, கல்முனைச் சந்தையில் கச்சிமுகம்மதுவின் அத்தர்க் கடையைத் தாண்டும்போது பன்னீர் மணம் வந்து மூக்கில் ஏறியது. அவள் தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் போத்தலில் இந்த மணம்தான் இருந்தது. உம்முவின் போத்தலில் மட்டுமா? அதற்கு முன்னும் எத்தனையோ தரம். நாற்றத்துக்கு நடுவே நல்ல மணம் வருகிறதே என்று மனம் குளிர்ந்து கழுவியிருக்கிறாள்!

அது பீங்கான் தண்ணீர். அந்தக் கரையில் பிள்ளைக்கு ஒரு கண்டம் என்றால் ஓதிப் பார்க்கும் லெவ்வையிடம் போவார்கள். அவர் வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஓதல்களை எழுதி, பன்னீர் கலந்த தண்ணீரால் எழுத்தைக் கரைத்துப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். மஞ்சளாக இருக்கும். சிந்தக்கூடாது, மிச்சம் வைக்கக்கூடாது, முழுவதையும் குடிக்கவேண்டும். எப்போது குடிக்கவேண்டும்? வெறும் வயிற்றில். ஆஸ்பத்திரியும் வெறும் வயிறு என்றது, லெவ்வையும் வெறும் வயிறு என்றார். சனங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே பொருந்திப்போயிற்று. கத்திக்குப் போகும் பிள்ளைக்குக் கடைசி நிமிஷத்தில் அரைப் போத்தல் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கொடுக்கவில்லை என்று மனச்சுத்தியோடு சொன்னார்கள். அதைச் சாப்பாடு என்றோ குடிப்பு என்றோ எவரும் நினைத்ததில்லை. றுகையாவும் நினைத்ததில்லை. அவளுக்கு முதலில் வந்த கோபம் தன் மேலேயேதான்.

ஆனாலும் மூக்கை மட்டும் நம்பி ஒரு டொக்டரிடம் போக அவள் மடச்சி அல்ல. அடுத்த திங்களும் வியாழனும் ஒப்பரேஷனுக்கு வந்த ஏழு பிள்ளைகளின் தாய்மாரிடம் விறாந்தையில் வைத்துக் காதோடு கேட்டாள், "ஓதின தண்ணி குடுத்தயாகா?" என்று. "ஓம் ராத்தா, குடுக்காம அனுப்புவாங்களா?" என்று ஐந்து பேர் சொன்னார்கள். அந்த ஐவரையும் அன்றன்றைக்கே சிஸ்டரிடம் சொல்லி வேறு நாளைக்குத் தள்ளிவிட்டு, வியாழன் வேலை முடிந்ததும் நேரே டொக்டரின் அறைக்குப் போனாள். செல்லத்தங்கம் சிஸ்டர் கையைப் பிடித்து மறித்தார்.

"றுகையா, உனக்கேன் இந்த வேலை? டிக்கட்டில எழுதினது எழுதினதுதான்."

"எழுதினவர் மனிசன்தானே சிஸ்டர். வெட்டட்டும்."

டொக்டர் தலை நிமிரவில்லை. கொப்பியில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார்.

"டொக்டர், அந்த உம்முட போத்தல்ல கிடந்தது பித்தமில்ல."

"பித்தம் எப்பிடி இருக்கும் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஏழு வருஷமாக் கழுவுறன். தெரியும். பித்தம் பன்னீர் மணக்காது."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். றுகையா எல்லாவற்றையும் சொன்னாள். மயக்க மருந்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு முன் அரைப் போத்தல் தண்ணீர் குடித்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள்.

"குழாய் போட்ட புள்ளைகள்ர போத்தல்லயும் இதே மணம்தான் டொக்டர். அவங்களுக்கும் தண்ணி மேல வந்திருக்கு. குழாய் கிடந்ததால நெஞ்சுக்குள்ள போகல்ல, நீங்களும் காணல்ல. குழாயையும் முகமூடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தீங்க. நல்லது. உம்மாமாருட்ட இதை ஒரு வார்த்தை கேக்க ஒரு கோடு போட்டீங்களா?"

"தண்ணி தண்ணிதானே! ஓதினா வயித்துக்குள்ள போகாதா?" என்று அவர் மேசையில் தட்டினார்.

"போகும். அது எங்களுக்கு விளங்கல்ல. எனக்கே விளங்கல்ல, தியேட்டருக்குள்ள நிக்கிற எனக்கே. சிஸ்டர் பாலைக் கேட்டாங்க, தேத்தண்ணியக் கேட்டாங்க. உம்முட தாய் இல்லையெண்டு சொன்னாள். அது மெய்தானே? மெய் சொன்னவளைப் பொய்க்காரியெண்டு எழுதியிருக்கிறீங்க. அவட குடும்பம் முறியப் போகுது."

டொக்டர் உம்முவின் டிக்கட்டை எடுத்துவரச் சொல்லி, பழைய வரியை வெட்டி, கீழே வேறொன்று எழுதினார். றுகையாவுக்கு இங்கிலீசு தெரியாது. வெளியே வந்து சிஸ்டரிடம் நீட்டினாள். செல்லத்தங்கம் தயங்கித் தயங்கி வாசித்தார். 'அறியாமை கொண்ட தாய், மூடநம்பிக்கையால் மந்திரித்த நீரைக் கொடுத்திருக்கிறாள்.'

பார்த்தீர்களா நியாயத்தை! பொய்க்காரி என்பதை வெட்டிவிட்டு மடச்சி என்று எழுதியிருக்கிறார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போதாதென்று அதற்கு மருந்துப் பேரும் வைக்கிறார். றுகையா கதவைத் தட்டாமலே மறுபடி உள்ளே போனாள்.

"உங்கட உம்மா உங்களுக்கு ஓதித் தண்ணி குடுக்கல்லையா டொக்டர்?"

அவர் பேனையை மூடினார், திறந்தார்.

"குடுத்தாங்க" என்றார் கடைசியில். "ஸ்கூல் சோதினைக்குப் போற நாளெல்லாம்."

"வெறும் வயித்திலயா?"

"ஓம்."

"அப்ப அவங்களும் மடச்சியா?"

சிற்றூழியர் ஒருத்தி டொக்டரிடம் இப்படிக் கேட்டதற்கு அன்றைக்கே வேலை போயிருக்கலாம். போகவில்லை. அந்த மனிதரையும் முழுக்கக் குறை சொல்லக்கூடாது. டிக்கட்டை வாங்கி இரண்டாவது வரியையும் வெட்டினார். 'ஓதிய தண்ணீர் பற்றித் தாயிடம் எவரும் கேட்கவில்லை. அவள் உண்மையே சொன்னாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவருக்கு வராது. ஆனால் நீளக் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் புதுக் கொப்பி எடுத்து, முதல் கோட்டிலேயே அந்தக் கேள்வியைப் போட்டார். அதை எப்படிக் கேட்பது என்றும் றுகையாவையே கேட்டார்.

"நோன்பு எண்டு சொல்லுங்க. இண்டைக்குப் புள்ளைக்கு நோன்பு, மயக்கம் தெளிஞ்ச பொறகுதான் திறக்கலாம் எண்டு சொல்லுங்க. பொறகு ஓதினதுமில்ல, ஓதாததுமில்ல, ஒரு சொட்டு இறங்காது" என்றாள் அவள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கத்தத்துக்கு இன்னும் எட்டு நாள். றுகையா லீவு போட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் அட்டாளைச்சேனைக்குப் போனாள். சுல்பிகா குசினி மூலையில் பாயில் இருந்தாள். ஐந்து கிழமைக்குள் பாதியாகிப்போயிருந்தாள். றுகையா பக்கத்தில் குந்தி, பீங்கான் தண்ணீர் கதையையும் டிக்கட்டில் எழுதிய வரியையும் சொன்னாள். பேர் திரும்பக் கிடைத்துவிட்டதே, பெண் அழுதுகொண்டாவது சந்தோசப்படுவாள் என்று நினைத்தாள்.

சுல்பிகாவின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது.

"அந்தத் தண்ணியா ராத்தா? அந்தத் தண்ணிதானா?"

"ஓம் புள்ள."

"மெய்யா உங்களுக்குத் தெரியுமா? வேறொண்டுமில்லையா?"

"வேறொண்டுமில்ல. உன்னில பிழையில்ல."

சுல்பிகா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, இதை உம்முட வாப்பாவுக்குச் சொல்லிப்போடாதீங்க. முகைதீன்பாவா லெவ்வைட்டப் போய் அதை வாங்கிற்று வந்தது அவர்தான். புள்ள குடிக்க மாட்டனெண்டு தலையத் திருப்பினது. மடியில வெச்சு, கதை சொல்லிச் சொல்லி, அவர்தான் பருக்கினாரு. அவருக்குப் புள்ள எண்டா உசிரு. தெரிஞ்சா அவர் தாங்கமாட்டாரு. பொய்க்காரிப் பேரு எனக்கே கிடக்கட்டும்."

"உனக்குப் பைத்தியமா? அவன் உனக்குத் தலாக்குச் சொல்லப்போறான்!"

"சொல்லட்டும்."

றுகையாவுக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது? டொக்டர் மேலா, லெவ்வை மேலா, காலிதீன் மேலா, இந்தப் பெண் மேலா? எல்லாப் பிழையும் சேர்ந்து வந்து குந்துவதற்கு எப்போதும் ஒரு பெண்ணின் தலைதானா கிடைக்கிறது? சொல்லமாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்து, இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த சரீபாவின் வீட்டுக்குப் போனாள்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போகக் காலிதீன் முற்றத்தில் நின்று கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தான். சரீபா வாசலுக்கு வந்தாள்.

"நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிற றுகையா. உங்கட பேத்திட ஒப்பரேஷனுக்குள்ள நிண்டவள்" என்றாள் றுகையா. "உங்கட மருமகள் பொய் சொல்லல்ல. பாலும் குடுக்கல்ல, சோறும் குடுக்கல்ல. டொக்டர் தன்ட எழுத்தை வெட்டிப்போட்டு அப்பிடியே எழுதிற்றார். புள்ளட வயித்துல கிடந்தது ஓதின பீங்கான் தண்ணி. மயக்கத்துக்கு முந்தி அதையும் குடுக்கப்படாதெண்டு நாங்க ஒருத்தருக்கும் சொல்லல்ல. பிழை எங்கட."

சரீபா துள்ளினாள். "அப்ப அவள்தானே குடுத்திருக்காள்! பாலோ தண்ணியோ, குடுத்துச் சாகடிச்சது அவள்தானே!"

றுகையா அவளை விட்டுக் காலிதீனைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவனுடைய கையிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக வடிந்துகொண்டிருந்தது.

"உம்மா, பேசாம இருங்க" என்றான் அவன்.

"ஏன்டா பேசாம இருக்க?"

"அதைக் குடுத்தது நான். அவள் இல்ல. நான்."

காலிதீன் றுகையாவின் பக்கம் திரும்பினான்.

"ராத்தா, அவளுக்கு இது தெரியுமா?"

"இண்டைக்குத்தான் சொன்னன். இப்ப தெரியும்."

"என்ன சொன்னாள்?"

றுகையா முக்காட்டைச் சரிசெய்தாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் கோபம் இருக்கவில்லை.

"உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டு சொன்னாள்."